வடிவம் கொண்ட ஒளி: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறும் அதன் சரியான எடையும்



ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கெய்ரோ நகரில் வாழ்ந்த ஓர் அறிஞர் தம் நூலில் ஒரு சோதனையை விவரித்தார். ஓர் இருட்டறை. அதன் சுவரில் ஒரு துளை. துளைக்கு வெளியே வெவ்வேறு இடங்களில் பல விளக்குகள். எல்லா விளக்குகளின் ஒளியும் அந்த ஒரே துளையின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தாக வேண்டும். எனில், உள்ளே எதிர்ச்சுவரில் தெரிவது என்ன? விளக்குகள் எத்தனையோ, அத்தனை ஒளித்திட்டுகள் தனித்தனியே தெரிகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறைகிறது. மறைப்பை நீக்கினால் அதே இடத்தில் திரும்பவும் தோன்றுகிறது. ஆகவே ஒளிகள் ஒரே இடத்தில் சந்தித்தாலும் ஒன்றோடொன்று கலந்து தம் இயல்பை இழந்துவிடுவதில்லை என்று அவர் முடிவு செய்தார்.

அவர்தாம் இப்னுல் ஹைதம் (ரஹ்). 965 ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, 1040 ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்தவர். அந்நூல் ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாழிர்’. பின்னர் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572 இல் பாசல் நகரில் அச்சேறியது.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் அண்மைக் காலத்தது. ஒளிக்கற்றைக்கு ஒரு வடிவம் கொடுத்து, அதன் மூலம் கூடுதலான செய்திகளை அனுப்ப முடியுமா என்பதே அது. அவ்வாறு வடிவம் கொடுக்கப்பட்ட ஒளியைக் ‘கட்டமைந்த ஒளி’ எனலாம். அதன் புகழ்பெற்ற வகையை ‘முறுக்கொளி’ எனலாம். இந்த முறுக்கொளியைக் குறித்து ஒரு காலத்தில் மிகப் பெரிய உரிமைகோரல்கள் எழுந்தன. பின்னர் அவை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கப்பட்டன. அந்த நிறுவையின் வரலாற்றைத்தான் நாம் இங்கே காணப்போகிறோம். அறிவைப் பிறருக்குக் கடத்தும் பொறுப்பில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் பாடம் உண்டு.

ஒரே இழை, பல செய்திகள்

தொலைத்தொடர்பின் அடிப்படைச் சிக்கல் எளிமையானது. பாதை ஒன்று, அதில் செல்ல வேண்டிய செய்திகள் பல. அவற்றை ஒன்றாக அனுப்பி, மறுமுனையில் குழப்பமின்றிப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வேண்டும். இருட்டறைச் சோதனையில் அந்த அடையாளம் திசை. விளக்குகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்ததால் திட்டுகள் வெவ்வேறு இடத்தில் விழுந்தன.

1966 இல் சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்னும் இரு பொறியாளர்கள் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். மெல்லிய கண்ணாடி இழையின் வழியாக ஒளியில் செய்தி அனுப்ப முடியும் என்றும், ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது எஞ்சினால் அது நடைமுறைக்கு உதவும் என்றும் அவர்கள் கூறினர். அன்றைய கண்ணாடி அதற்குக் கிட்டவும் வரவில்லை. 1970 இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் அந்த எல்லையை எட்டினர். 1988 இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் முதல் ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது. காவோவுக்கு 2009 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதன்பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒளியின் ஒவ்வோர் அடையாளமாகப் பயன்பாட்டுக்கு வந்தது. முதலில் காலம்: ஒளியை அணைத்தும் ஏற்றியும் வேகமாகத் துடிக்கச் செய்தனர். அடுத்து நிறம்: 1990களில் ஒரே இழையில் பல அலைநீளங்களை ஒருங்கே அனுப்பினர். அதற்கு அடுத்து, ஒளியலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்னும் முனைவாக்கம். அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் உள்ளது என்னும் கட்டம். இவை அனைத்தையும் ஒருசேரப் பயன்படுத்தியபோது ஓர் இழையின் கொள்ளளவு பல்லாயிரம் மடங்கு பெருகியது.

ஆயினும் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 1948 இல் கிளாட் ஷானன் நிறுவிய கணிதத்தின்படி, இரைச்சல் கலந்த எந்தப் பாதைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஒளியின் திறனைக் கூட்டினால் வரம்பு மெல்ல உயரும். ஆனால் கண்ணாடி இழையில் திறன் அளவுமீறிக் கூடினால் கண்ணாடியின் தன்மையே மாறி, நிறங்கள் ஒன்றையொன்று குலைக்கத் தொடங்குகின்றன. ஆகவே வழக்கமான ஓர் இழை நொடிக்குச் சில நூறு டெராபிட்டுக்கு மேல் சுமக்காது என்பதை 2010 ஆம் ஆண்டையொட்டி அறிஞர்கள் உணர்ந்தனர். கொள்ளளவு நெருக்கடி வருகிறது என்னும் எச்சரிக்கை எழுந்தது.

அப்போது பயன்படுத்தப்படாமல் எஞ்சியிருந்த அடையாளம் ஒன்றே: வடிவம். அதாவது, ஒளிக்கற்றையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் ஒளிர்வும் கட்டமும் எவ்வாறு பரவியிருக்கின்றன என்பது.

இந்த அடையாளம் தற்செயலாக மறக்கப்பட்டதன்று, வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டது. அகன்ற உள்ளகம் கொண்ட இழையில் பல வடிவங்கள் பயணம் செய்யும். அவை வெவ்வேறு வேகத்தில் செல்வதால், ஒரு துடிப்பாகப் புறப்பட்டது பல துடிப்புகளாகச் சிதறி வந்து சேரும். இந்தத் தொல்லையை நீக்கவே உள்ளகத்தை ஏறத்தாழ 8 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை சுருக்கி, ஒரே ஒரு வடிவம் மட்டும் செல்லுமாறு செய்தனர். ஆனால் 1982 இலேயே பெர்தாகே, ஃபாக் என்னும் இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஒரு குறுகிய இழையில் இரு வடிவங்களைத் தனித்தனிச் செய்திப் பாதைகளாகப் பயன்படுத்திக் காட்டியிருந்தனர். அன்று அதற்குத் தேவை எழவில்லை. நெருக்கடி வந்தபோதுதான், குறையென்று தள்ளப்பட்டது வளமாகப் பார்க்கப்பட்டது.

முறுக்கொளி பிறந்த கதை

ஒளி தான் படும் பொருளைத் தள்ளும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் அலைக் கோட்பாட்டிலிருந்தே பெறப்பட்ட உண்மை. அது பொருளைச் சுழற்றவும் கூடுமா? 1909 இல் ஜான் ஹென்றி பாய்ண்டிங் என்னும் ஆங்கில இயற்பியலாளர், வட்டமாக முனைவாக்கப்பட்ட ஒளிக்குச் சுழற்றும் ஆற்றல், அதாவது கோண உந்தம், இருக்க வேண்டும் என்று கருதினார். அந்த விளைவு மிக மிக நுண்ணியது. 1936 இல் ரிச்சர்ட் பெத் என்பவர், மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிடப்பட்ட ஒரு தகட்டின் மீது அத்தகைய ஒளியைச் செலுத்தி, தகடு திரும்புவதை அளந்து காட்டினார்.

இது ஒருவகைச் சுழற்சி. பூமி தன்னைத் தானே சுற்றுவதும் சூரியனைச் சுற்றுவதும் வெவ்வேறாக இருப்பதுபோல, ஒளிக்கும் இரண்டாவது வகைச் சுழற்சி ஒன்று உண்டு. இதனை 1992 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் லெஸ் ஆலன், பெய்யர்ஸ்பெர்கன், ஸ்ப்ரியூ, வூர்ட்மன் ஆகிய நால்வர் தெளிவாக எடுத்துரைத்தனர். முறுக்கொளியின் வரலாறு பெரும்பாலும் இந்த ஆய்வுரையிலிருந்தே எண்ணப்படுகிறது.

அதன் பொருளைப் புரிந்துகொள்ளப் பள்ளிவாசல் மினாராவின் உட்புறத்தை நினைத்துக்கொள்வோம். நடுவே தூண், அதனைச் சுற்றிச் சுற்றி மேலேறும் படிக்கட்டு. சாதாரண லேசர் கற்றையின் அலைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய தட்டுகளைப் போன்றவை. முறுக்கொளியின் அலைமுகமோ இந்தச் சுழற்படிக்கட்டைப் போன்றது. கற்றையின் அச்சைச் சுற்றியபடியே முன்னேறுகிறது. ஓர் அலைநீளத் தூரத்தில் ஒரு சுற்று முடிந்தால் அதன் முறுக்கெண் 1. ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரு படிக்கட்டுகளாக இருந்தால் முறுக்கெண் 2. இவ்வாறே 3, 4 என எண்கள் மேலே செல்லும். எதிர்த்திசையில் முறுக்கினால் எண் எதிர்மறையாகும். நடு அச்சில் எல்லாக் கட்டங்களும் ஒன்றுகூடி ஒன்றையொன்று அழிப்பதால் அங்கே இருள். ஆகவே கற்றை திரையில் விழும்போது ஒரு வளையமாகத் தெரிகிறது.

இந்த முறுக்கெண்தான் செய்தித் தொடர்புக்கு வேண்டிய அடையாளம். வெவ்வேறு முறுக்கெண் கொண்ட கற்றைகளை ஒரே அச்சில் ஒன்றின்மேல் ஒன்றாக அனுப்பலாம். மறுமுனையில், 3 என்னும் முறுக்கை அவிழ்க்கும் ஒரு தகட்டை வைத்தால், முறுக்கெண் 3 கொண்ட ஒளி மட்டும் சாதாரணக் கற்றையாகி நடுவில் ஒளிப்புள்ளியாகக் குவியும். மற்றவை முறுக்கு நீங்காமல் வளையங்களாகவே நிற்கும். அந்த நடுப்புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு செய்தி பிரிந்துவிட்டது. முறுக்கை உண்டாக்கவும் அவிழ்க்கவும் உதவும் கவைவடிவக் கோடுகள் கொண்ட படலத்தை 1990 ஆம் ஆண்டளவிலேயே கீவ் நகர ஆய்வாளர்கள் செய்து காட்டியிருந்தனர். இன்று கணினியால் இயக்கப்படும் திரவப் படிகத் திரைகள் அப்பணியைச் செய்கின்றன.

எழுத்தாகவா, பாதையாகவா?

முறுக்கெண்ணைச் செய்திக்குப் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே பல மிகைக் கூற்றுகளுக்குக் காரணம் என்பதால், இங்கே சற்று நிதானிப்போம்.

முதல் வழி, வடிவத்தை எழுத்தாகக் கொள்வது. ஒரு நேரத்தில் ஒரே வடிவம் அனுப்பப்படும். பதினாறு வடிவங்கள் இருந்தால், பதினாறு எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கு கிடைத்ததற்குச் சமம். இரண்டாவது வழி, வடிவத்தைப் பாதையாகக் கொள்வது. பல வடிவங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து செல்லும். ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியைச் சுமக்கும்.

இரண்டின் பயனும் ஒன்றன்று. பாதைகள் பதினாறானால் கொள்ளளவு பதினாறு மடங்காகும். எழுத்துகள் பதினாறானால் ஒவ்வொரு துடிப்பும் 4 பிட்டுகளை மட்டுமே சுமக்கும். ஏனெனில் இரண்டை நான்கு முறை பெருக்கினால்தான் பதினாறு வரும். எழுத்துகளை 1024 ஆகப் பெருக்கினாலும் கிடைப்பது 10 பிட்டுகள்தாம்.

2004 இல் கிளாஸ்கோவில் மைல்ஸ் பேட்ஜெட் அவர்களின் குழு, திறந்தவெளியில் குறுகிய தூரத்துக்கு முறுக்கெண்களை எழுத்தாகக் கொண்டு செய்தி அனுப்பியது. 2014 இல் வியன்னா நகரின் கூரைகளுக்கு மேலாக 3 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஆன்டன் ஸைலிங்கர் அவர்களின் குழு பதினாறு வடிவங்களை எழுத்தாகப் பயன்படுத்தி மோட்சார்ட், போல்ட்ஸ்மன், ஷ்ரோடிங்கர் ஆகியோரின் படங்களை அனுப்பிக் காட்டியது. காற்றின் கொந்தளிப்பால் கலைந்து விழுந்த வடிவங்களைக் கணினியின் செயற்கை நரம்பு வலையமைப்பு அடையாளம் கண்டது. 2016 இல் வெளியான ஆய்வுரையில், கேனரித் தீவுகளில் லா பால்மாவிலிருந்து டெனரீஃப் வரை 143 கிலோமீட்டருக்கு அவர்கள் முறுக்கொளியைச் செலுத்தியதாக அறிவித்தனர். இத்தனை தூரம் சென்றபின்னும் வடிவத்தை அறிய முடிகிறது என்பதே அச்சோதனையின் பேறு. வேகம் அதன் நோக்கமன்று.

பாதையாகக் கொள்ளும் வழியில் பெயர்பெற்றது 2012 இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜியன் வாங், ஆலன் வில்னர் முதலியோர் செய்த சோதனை. எட்டு முறுக்கெண்கள், இரு முனைவாக்கங்கள், ஒன்றுக்குள் ஒன்றான இரு வளையத் தொகுதிகள் ஆக 32 பாதைகள். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 80 கிகாபிட். மொத்தம் நொடிக்கு 2.56 டெராபிட். அனைத்தும் ஒரே நிறத்தில். எண் பெரிது. ஆனால் அது ஆய்வுக்கூட மேசையின் மீது, மிகக் குறுகிய தூரத்தில் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2013 இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சித்தார்த் ராமச்சந்திரன் அவர்களின் குழு, இதனைக் கண்ணாடி இழைக்குள் கொண்டுவந்தது. சாதாரண இழையில் முறுக்கு நிலைத்து நிற்பதில்லை. எனவே வளைய வடிவ உள்ளமைப்புக் கொண்ட தனி இழை ஒன்றை வடிவமைத்து, 1.1 கிலோமீட்டர் தூரத்துக்கு நொடிக்கு 1.6 டெராபிட் வரை அனுப்பினர்.

வெனிஸ் நகரில் எழுந்த விவாதம்

இக்காலத்திலேயே வானொலி அலைகளைக் கொண்டு ஒரு சோதனை வெனிஸ் நகரில் நடந்தது. ஒளியும் வானொலியும் ஒரே குடும்பத்து அலைகளாதலால், முறுக்குவது இரண்டுக்கும் பொருந்தும். 2011 இல் ஃபாப்ரிட்சியோ தாம்புரீனி அவர்களின் குழு, ஒரு கிண்ண ஆன்டெனாவை வெட்டி முறுக்கி, சான் ஜோர்ஜோ தீவின் கலங்கரை விளக்கத்திலிருந்து 442 மீட்டர் தொலைவிலிருந்த டோஜே அரண்மனைக்கு ஒரே அதிர்வெண்ணில் இரு வானொலி அலைகளை அனுப்பியது. ஒன்று முறுக்கப்பட்டது, மற்றொன்று முறுக்கப்படாதது. இரண்டும் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டன. குறித்த ஓர் அலைவரிசைக்குள் கொள்கையளவில் எண்ணற்ற பாதைகளை அமைக்கலாம் என்று 2012 இல் வெளியான அவர்களின் ஆய்வுரை உரிமைகோரியது. நாளிதழ்களும் இணையமும் அச்செய்தியை விரைந்து பரப்பின.

ஆனால் அதே ஆண்டில், அதே இதழில் ஒரு மறுப்பு வெளியாயிற்று. சோதனையின் விளைவை எவரும் மறுக்கவில்லை. இரு அலைகளும் பிரிந்தது உண்மையே. அவ்விளைவுக்குக் கூறப்பட்ட காரணமே கேள்விக்குள்ளானது. பல ஆன்டெனாக்களால் அனுப்பிப் பல ஆன்டெனாக்களால் பெறும் முறை ஏற்கெனவே வழக்கில் உண்டு. மைமோ எனப்படும் அம்முறை நம் வீட்டு வைஃபை பெட்டிகளிலும் இயங்குகிறது. வெனிஸில் நிகழ்ந்ததும் அதன் ஒரு வடிவமே என்றனர் மறுத்தோர். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்ஃபோர்ஸ், ஜோஹான்சன் ஆகிய இருவரும் 2012 இல் கணிதத்தின் வழியே அதே முடிவை நிறுவினர். முறுக்கினால் புதிய கொள்ளளவு தோன்றாது. மைமோ தரக்கூடியதற்கு மேல் அது எதையும் தராது.

2015 இல் நிங்போ ஜாவோ, ஜோசப் கான் முதலியோர் ஒளியைக் குறித்தும் இதே கேள்வியை எழுப்பி விடை கண்டனர். முறுக்கெண்ணை மட்டும் அடையாளமாகக் கொண்டால், அதே அளவு இடத்தில் பொருந்தக்கூடிய மற்ற வடிவங்களை நாம் வீணாக்குகிறோம். எல்லா வடிவங்களையும் கணக்கில் கொண்ட முழுமையான ஒரு தொகுதி, முறுக்கொளியை மட்டும் கொண்ட தொகுதியை விடக் கூடுதலாகவே சுமக்கும்.

வாசகர்கள் தாமே போடக்கூடிய கணக்கு

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கில் காணலாம். அனுப்பும் முனையிலும் பெறும் முனையிலும் ஒரு சாளரம் இருப்பதாகக் கொள்வோம். இடையில் குழப்பமின்றிப் பிரிக்கக்கூடிய பாதைகள் ஏறத்தாழ எத்தனை? அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்க வேண்டும். வரும் பரப்பு எண்ணால் ஒவ்வொரு சாளரத்தின் பரப்பையும் வகுக்க வேண்டும். கிடைக்கும் இரு ஈவுகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் பாதைகளின் எண்ணிக்கை கிட்டும்.

பக்கத்துக்கு 10 செண்டிமீட்டர் கொண்ட சதுரச் சாளரங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் பரப்பும் 100 சதுர செண்டிமீட்டர். தொலைத்தொடர்பில் வழங்கும் அலைநீளம் 1.55 மைக்ரோமீட்டர். தூரம் 1 கிலோமீட்டர் எனில், அலைநீளமும் தூரமும் பெருக்கினால் 15.5 சதுர செண்டிமீட்டர். ஒவ்வோர் ஈவும் ஏறத்தாழ 6.45. பெருக்கினால் சுமார் 41 பாதைகள். முனைவாக்கத்தையும் சேர்த்தால் அதன் இருமடங்கு. மோசமில்லை.

தூரத்தை 10 கிலோமீட்டராக்கினால்? பெருக்கம் 155 சதுர செண்டிமீட்டர் ஆகிறது. ஈவு 0.645. பெருக்கினால் 0.4. ஒரு பாதைக்கே இடம் போதவில்லை. ஒளியின் ஒரு பகுதி சாளரத்துக்கு வெளியே சிந்திவிடுகிறது. வெனிஸ் வானொலிக்கு அலைநீளம் சுமார் 12.5 செண்டிமீட்டர்; தூரம் 442 மீட்டர்; பெருக்கம் ஏறத்தாழ 55 சதுர மீட்டர். பல பாதைகள் வேண்டுமெனில், இரு கரைகளிலும் அதனினும் பெரிய பரப்பில் ஆன்டெனாக்கள் பரந்திருக்க வேண்டும். அலையை எவ்வளவு முறுக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. முறுக்கெண் கூடக் கூட வளையம் விரிந்துகொண்டே போகும் என்பதே இதன் கண்கூடான சான்று. எண்கள் எல்லையற்றவைதாம், அவற்றைப் பிடிக்கும் சாளரம் எல்லையுடையது.

எஞ்சி நிற்கும் உண்மை

எனில் முறுக்கொளி வெறும் ஆரவாரமா? அவ்வாறு தள்ளிவிடுவதும் நியாயமாகாது. மிகைப்பட்டது உரிமைகோரல், பொருள் மெய்யானது.

1995 இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், முறுக்கொளி நுண்ணிய துகள்களைச் சுழற்றுவது நேரில் காணப்பட்டது. 2001 இல் வியன்னாவில், ஒளித்துகள் இணைகள் தம் முறுக்கெண்ணில் பிணைந்திருப்பது காட்டப்பட்டது. குவாண்டம் தொடர்பில் ஒரே ஒளித்துகள் பல நிலைகளில் ஒன்றைச் சுமப்பதற்குத் தனிப் பயன் உண்டு. அங்கே நெடுங்கணக்கு நீள்வது வீணன்று. குறுகிய தூரங்களில், தகுந்த இழைகளில், முறுக்குவடிவங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் செல்வதால் பெறும் முனையில் கணினிக்கு வேலை குறைகிறது. இவை ஒவ்வொன்றும் அளந்து சொல்லப்பட்ட பயன்கள்.

வடிவத்தைப் பாதையாகக் கொள்ளலாம் என்னும் மூலக் கருத்தும் வென்றது. முறுக்கொளியின் பெயரால் அன்று, பொதுவான முறையில். 2020 இல் ஜப்பானின் தேசிய ஆய்வு நிறுவனமான என்ஐசிடி, 38 உள்ளகங்கள் கொண்ட ஓர் இழையில், ஒவ்வோர் உள்ளகத்திலும் மூன்று வடிவங்களைச் செலுத்தி, நொடிக்கு 10.66 பெட்டாபிட் அனுப்பிக் காட்டியது. வழக்கமான ஓர் இழையின் வரம்பை விட இது பன்மடங்கு பெரிது. இதற்கு விலையும் உண்டு. பாதை ஒவ்வொன்றுக்கும் தனி இடமும், தனிப் பெறும் கருவியும், பிரித்தெடுக்கும் கணக்கும் வேண்டும். இலவசமாகக் கிடைத்த பாதை ஒன்றுகூட இல்லை. கடலடி வடங்களை அமைப்போரும் இன்று முறுக்கை நாடாமல், ஒரே இழைக்குள் இரு உள்ளகங்கள் என்னும் எளிய வழியை முதலில் மேற்கொண்டுள்ளனர்.

செய்தியைக் கடத்துவோரின் பொறுப்பு

நம் சமூகத்துக்குப் புதிதல்லாத ஒரு முறையை இந்த வரலாறு நினைவூட்டுகிறது. ஒரு செய்தி வந்தால், அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவருடைய நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையன என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தனர். தொடர் சரியாக இருந்தாலும், கூற்றின் உள்ளடக்கம் உறுதியான மற்றச் செய்திகளோடு பொருந்துகிறதா என்றும் பார்த்தனர். நல்லவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அவர் கூற்றின் தரத்தை அவர்கள் உயர்த்திவிடவில்லை. வெனிஸ் சோதனையை ஆராய்ந்தவர்களும் சோதனை செய்தோரின் நேர்மையை ஐயுறவில்லை. நிகழ்ந்ததை ஏற்றனர், அதிலிருந்து பெறப்பட்ட முடிவை மட்டும் நிறுத்துப் பார்த்தனர். துறைகள் வேறு, அளவுகோல்களும் வேறு. ஆயினும் செய்தியை அதன் எடைக்கு மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது என்னும் ஒழுக்கம் இரண்டுக்கும் பொது.

இங்கே நமக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. அறிவியலில் புதிதாக எதுவும் வெளிவந்தால், இதை நம் முன்னோர் என்றோ கண்டுபிடித்துவிட்டனர் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட இருட்டறைச் சோதனையை எடுத்துக்கொண்டு, ஒளியிழைத் தொடர்பின் தந்தை இப்னுல் ஹைதம்தாம் என்று ஒருவர் எளிதாக எழுதிவிடலாம். கேட்போர் மகிழ்வர்; விரைந்து பகிர்வர். ஆனால் அது உண்மையன்று. அவர் ஆராய்ந்தது கண் எவ்வாறு காண்கிறது என்பதை. பல பொருள்களின் ஒளி ஒரே காற்றின் வழியே கலங்காமல் கண்ணை வந்தடைவது எப்படி என்னும் கேள்விக்கே அச்சோதனை விடையாயிற்று. செய்தி அனுப்புவது அவர் நோக்கமன்று. அலை, முறுக்கு, கட்டம் ஆகியவற்றை அவர் பேசவுமில்லை. ஒளிகள் கலப்பதில்லை என்பதைச் சோதனையால் காட்டினார். அந்த ஒன்றே போதிய பெருமை. அதற்கு மேல் ஏற்றுவது அவருக்குச் சிறப்புச் சேர்ப்பதாகாது.

அவரே இதை விரும்பியிருக்கவும் மாட்டார். தமக்கு முன் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக மதிக்கப்பட்டு வந்த தாலமியின் கூற்றுகளில் உள்ள முரண்களைப் பட்டியலிட்டு, ‘அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்’ என ஒரு தனிநூலே எழுதியவர் அவர். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல் ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்பது அந்நூலின் போக்கு. அவரைப் போற்றும் சரியான வழி, அவரைக் குறித்த கூற்றுகளையும் அவ்வாறே ஆராய்வதாகும்.

ஆகவே பிள்ளைகளிடம் முறுக்கொளியைப் பற்றிச் சொல்லும்போது அளவோடு சொல்வோம். ஒளிக்கு வடிவம் கொடுக்கலாம். வடிவத்தைப் பாதையாகவும் எழுத்தாகவும் பயன்படுத்தலாம். ஆனால் பாதை ஒவ்வொன்றுக்கும் இடம் வேண்டும். எல்லையற்ற கொள்ளளவு என்பது எங்கும் இல்லை. இவ்வளவையும் சொன்னால் வியப்பு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சுழற்படிக்கட்டுப் போல் முறுகிச் செல்லும் ஒளி ஒரு துகளைச் சுழற்றுகிறது என்பதைக் கேட்ட பிள்ளைக்கு வேறு மிகை தேவைப்படாது. மாறாக, மிகையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பின்னாளில் கல்லூரியில் அக்கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது, நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயுறத் தொடங்கும். நம் நாவின் நம்பகத்தன்மை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை ஒரு பரபரப்பான செய்திக்காகச் செலவிடலாகாது.

பயனுள்ள கல்வியையும், அதை உள்ளவாறே எடுத்துரைக்கும் நேர்மையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.